ஓராண்டும் ஒரு நாளும்

பிரித்தானியத் தீவின் மேற்குப் புறத்திலே மலையும் மழையும் மிகுந்த சிறு நாடொன்று உண்டு. வேல்ஸ் என்பது ஆங்கிலேயர் அதற்கு வழங்கிய பெயர். அப்பெயரின் வேர்ச்சொல்லுக்கு அந்நியர் என்பது பொருள். தம் சொந்த மண்ணிலேயே அந்நியர் என்று அழைக்கப்பட்ட அம்மக்கள், தம் நாட்டைக் கும்ரி என்றும், தம் மொழியைக் கும்ரைக் என்றும் கூறுவர். ஆங்கிலத்தோடு நெருங்கிய உறவு எதுவும் இல்லாத பழைய கெல்திய மொழி அது. அம்மொழியிலே கவிதையும் இசையும் அரங்கேறுவதற்கென ஆண்டுதோறும் ஒரு பெருவிழா நடைபெறுகின்றது. ஐஸ்தெத்வொத் என்பது அதன் பெயர். அமர்ந்திருத்தல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். புலவர் அமர்ந்து பாட, அறிந்தோர் அமர்ந்து கேட்க, வென்றவர் ஆசனத்தில் அமர்வதால் அப்பெயர் பொருந்துவதாயிற்று.

விழாக்கள் உலகில் எங்கும் உண்டு. ஆனால் நிலையான மண்டபமோ தலைநகரமோ இன்றி, ஆண்டுக்கோர் ஊராக இடம்பெயர்ந்து, ஊருக்கூர் புதிய விருந்தோம்புநரைப் பெற்று வாழும் இலக்கிய விழா அரிது. அத்தகைய விழாவைக் கூட்டுவதும், கூட்டப்போவதை நாடறியச் செய்வதும், வந்து குவியும் ஆக்கங்களைச் சீர்தூக்குவதும் எத்துணைப் பெரிய உழைப்பு என்பதை ஐஸ்தெத்வொத்தின் வரலாறு காட்டும். அழைப்பு யாருக்கு விடுக்கப்பட்டது என்பதைக் கொண்டே அவ்விழா வளர்ந்த காலத்தையும் தேய்ந்த காலத்தையும் கணக்கிடலாம்.

வரலாற்று ஏடுகளில் இடம்பெற்ற முதல் விழா கி.பி. 1176ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் நடந்தது. தென் வேல்சின் தலைவனாகிய ரீஸ் அப் கிரிபித், தைவி ஆற்றங்கரையில் உள்ள கார்டிகன் நகரிலே கல்லாற் கோட்டை ஒன்றைக் கட்டி முடித்திருந்தான். அக்கோட்டையிலே அவன் இருவகைப் போட்டிகளை நடத்தினான். ஒன்று புலவர்க்கு உரியது; மற்றையது யாழ் மீட்டுவோர், குழல் ஊதுவோர் முதலிய இசைவாணர்க்கு உரியது. வென்றோர் இருவருக்கும் இரண்டு ஆசனங்கள் பரிசாக வைக்கப்பட்டன. இதனை எழுதி வைத்த வேல்ஸ் நாட்டு வரலாற்றேடு ஒரு செய்தியைத் தவறாது குறிக்கின்றது. விழா நடப்பதற்கு ஓராண்டுக்கு முன்னரே அதன் செய்தி வேல்சில் மட்டுமன்றி இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலும் பறைசாற்றப்பட்டது என்பதே அது. அச்சு இல்லாத காலம். பாதைகளும் செம்மையாக இல்லை. ஒருவன் கவி புனைய வேண்டும், அதைப் பழக வேண்டும், மலை கடந்து வந்து சேர வேண்டும். அதற்கெல்லாம் ஓராண்டு வேண்டும் என்று ரீஸ் உணர்ந்திருந்தான்.

போட்டியின் முடிவும் குறிக்கத்தக்கது. இசைப் போட்டியிலே ரீசின் சொந்த அரண்மனையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் வென்றான். புலவர் போட்டியிலோ வடபுலமாகிய குவினெத் நாட்டார் வென்றனர். குவினெத் வேறொரு அரச மரபின் ஆட்சிக்கு உட்பட்டது. செலவெல்லாம் தன்னுடையதாக இருக்க, அயல் நாட்டுப் புலவனுக்கு ஆசனம் போவதைக் கண்டும் அதற்கு இடங்கொடுத்த தலைவனை இக்காலத்து விழாக் குழுவினர் சிலர் நினைவில் வைத்திருப்பது நன்று.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில், 1282இல், வேல்ஸ் தன் கடைசிச் சுதேச அரசனை இழந்து இங்கிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்டது. எனினும் புலவரைப் பேணும் பிரபுக்கள் மறைந்துவிடவில்லை. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்மாதன் நகரில் நடந்த கூட்டத்திலே தாவித் அப் எட்மண்ட் என்னும் புலவர் யாப்பு விதிகளை வகுத்துக் கடுமையாக்கினார். பின்னர் கைர்விஸ் என்னும் சிற்றூரில் 1523இல் ஒரு கூட்டமும் 1568இல் மற்றொரு கூட்டமும் நடைபெற்றன. இரண்டாவது கூட்டத்துக்கு ஆணை பிறப்பித்தவர் முதலாம் எலிசபெத் அரசியார். ஆனால் அந்த ஆணை கவிதைமேல் கொண்ட காதலால் எழுந்ததன்று. புலவர், பாணர் என்று சொல்லிக்கொண்டு ஊரூராய்த் திரிவோர் பெருகிவிட்டனர் என்றும், தகுதியுடையோருக்கு அனுமதிப் பத்திரம் வழங்கி ஏனையோரை உடலுழைப்புக்குத் திருப்ப வேண்டும் என்றும் அரசு கருதியது. சந்தைகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் இவ்வாணை அறிவிக்கப்பட்டது. 1176இல் விருந்தினரை வரவேற்ற பறை இப்பொழுது விசாரணைக்கு வரச்சொல்லி ஒலித்தது.

அதன்பின் பிரபுக்கள் ஆங்கிலம் பேசத் தொடங்கினர்; இலண்டன் அரசவையை நோக்கினர். புலவரைப் பேணுவார் இலரானார். 18ஆம் நூற்றாண்டில் இவ்விழா ஏறக்குறைய மதுச்சாலைகளின் பின்னறைக்குள் ஒடுங்கியிருந்தது. விவசாயிகளும் கைவினைஞருமாகிய சில புலவர்கள் ஒன்றுகூடி, சாடிகளை முன்வைத்துக்கொண்டு, ஒருவர் பாட்டை மற்றவர் மறுத்துப் பாடுவர். இந்தச் சிறு கூட்டங்கள் எங்கே, என்றைக்கு நடைபெறும் என்பதை மக்கள் பஞ்சாங்கங்களின் மூலமே அறிந்தனர். ஆண்டுதோறும் வெளியான மலிவான வேல்ஸ் மொழிப் பஞ்சாங்கங்களிலே சந்தை நாட்களுக்கும் சந்திரனின் வளர்பிறை தேய்பிறைகளுக்கும் இடையில் புலவர் கூட்டத்தின் அறிவித்தலும் இடம்பெற்றது. அதனாலேயே வரலாற்றாசிரியர் இவற்றைப் பஞ்சாங்க ஐஸ்தெத்வொத்துகள் என்று அழைப்பர். வந்தவர் மிகச் சிலர், பரிசும் அற்பம். ஆயினும் அரசவையும் மாளிகையும் கைவிட்ட மரபை அந்தப் பஞ்சாங்கத்தின் ஓரிரு வரிகள் ஒரு நூற்றாண்டு காலம் தாங்கி நின்றன.

1789இல் ஒரு மாற்றம் நேர்ந்தது. கோர்வென் என்னும் ஊரைச் சேர்ந்த தோமஸ் ஜோன்ஸ் என்பவர் தீர்வைப் பகுதியில் ஓர் உத்தியோகத்தர். மதுச்சாலைக் கூட்டத்தைப் பெருவிழாவாக்க அவர் விரும்பினார். இலண்டன் மாநகரில் வாழ்ந்த வடவேல்ஸ் மக்கள் 1770இல் நிறுவிய குவினெதிகியன் சங்கத்துக்கு அவர் கடிதம் எழுதி ஆதரவு வேண்டினார். தாய்நாட்டை விட்டுப் பெயர்ந்து பொருளீட்டியவர்களிடம் தாய்மொழிப் பற்று மிகுந்திருப்பது பல நாடுகளில் கண்ட செய்தி. தோல் வணிகத்தில் செல்வராகிய ஓவன் ஜோன்ஸ் போன்றோர் அச்சங்கத்தின் தூண்களாக விளங்கினர். சங்கம் உதவ இசைந்தது. ஆனால் நிபந்தனைகளோடு இசைந்தது. பாடற்பொருள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். புலவர் தம் இயற்பெயரை மறைத்துப் புனைபெயரில் பாடலை அனுப்புவர். நடுவர் பாடலை மட்டுமே நோக்கித் தீர்ப்பளிப்பர். சாடியை முன்வைத்துப் பாடும் ஆசுகவியின் இடத்தை, மாதக்கணக்கில் வீட்டிலிருந்து செதுக்கிய செய்யுள் பெற்றது.

அவ்வாண்டு மே மாதம் கோர்வெனில் நடந்த முதற் கூட்டம் சுமுகமாக முடியவில்லை. நடுவர் ஒருமனப்படாது, வழக்கு இலண்டன் சங்கத்துக்கே அனுப்பப்பட்டது. சங்கம் குவல்தர் மெக்கைன் என்னும் இளைஞருக்குப் பரிசளித்தது. நாடகப் புலவராய் மக்களிடையே பெரும்புகழ் பெற்றிருந்த தும் ஓர் நாந்த் தோற்றார். இத்தீர்ப்பைப் பொறாத டேவிட் சாம்வெல் என்னும் வைத்தியர், தம் சொந்தச் செலவில் வெள்ளியாலான எழுதுகோல் ஒன்றைச் செய்வித்துத் தோற்ற புலவருக்கு அளித்தார். இந்தச் சாம்வெல், கப்டன் குக்கின் இறுதிக் கடற்பயணத்தில் வைத்தியராகச் சென்று, 1779இல் ஹவாயில் குக் கொல்லப்பட்ட செய்தியை எழுதி வெளியிட்டவர். அதே ஆண்டு செப்டெம்பரில் பாலா நகரில் நடந்த விழாவே சங்கத்தின் நிபந்தனைகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த முதல் விழா எனலாம். இன்றுவரை அவ்விதிகளின் சாரம் மாறவில்லை.

இவ்விழாவுக்குச் சடங்கும் கோலமும் அளித்தவர் வேறொருவர். கல்தச்சராகிய எட்வேர்ட் வில்லியம்ஸ், யோலோ மொர்கானுக் என்னும் புனைபெயர் பூண்டவர். பழஞ்சுவடிகளில் ஆழ்ந்த புலமையும், அப்புலமைக்கு ஈடான கற்பனையும், வலிக்கு மருந்தாகத் தொடங்கி நீங்காப் பழக்கமாகிய அபினும் அவரிடம் ஒருங்கே இருந்தன. 1792ஆம் ஆண்டு ஜூன் 21இல் இலண்டன் நகரின் பிரிம்ரோஸ் குன்றிலே சில கற்களை வட்டமாக வைத்து, இது கெல்திய முனிவர் காலந்தொட்டு வழிவழி வந்த புலவர் பேரவை என்று அறிவித்தார். அப்பேரவைக்குக் கோர்செத் என்று பெயர். 1819இல் கார்மாதன் நகரின் விடுதித் தோட்டமொன்றில் அவர் தம் சட்டைப் பையிலிருந்து கூழாங்கற்களை எடுத்து வட்டமிட்டு, அப்பேரவையை ஐஸ்தெத்வொத்தோடு பிணைத்துவிட்டார். தொன்மை என்று அவர் காட்டியவற்றுள் பெரும்பகுதி அவரே புனைந்தது என்பதை 20ஆம் நூற்றாண்டில் பேராசிரியர் ஜி. ஜே. வில்லியம்ஸ் ஆராய்ந்து நிறுவினார். பொய் வெளிப்பட்ட பின்னரும் மக்கள் சடங்கைக் கைவிடவில்லை. விழா நடந்த ஊர்கள் பலவற்றில் கோர்செத்தின் கல்வட்டங்கள் பூங்காக்களில் நிற்கின்றன. அண்மைக் காலத்தில் கண்ணாடியிழையாற் செய்த இலேசான கற்களை ஊருக்கூர் கொண்டுசெல்கின்றனர். யோலோவின் கூழாங்கற்களை நினைக்குமிடத்து அதிலும் பெரிய பிழை இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வேல்ஸ் மொழிக்குச் சோதனைக் காலம். நாட்டின் கல்வி நிலையை ஆராய அரசு அனுப்பிய மூன்று ஆங்கில ஆணையாளர் 1847இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். மூவருள் எவரும் வேல்ஸ் மொழி அறியார். பாடசாலைகளின் குறைகளை அவர்கள் கூறியதில் உண்மையும் இருந்தது. ஆனால் அதனோடு நில்லாது, மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அவர்தம் மொழியே காரணம் என்ற தொனியில் எழுதினர். நீல அட்டையிட்ட அந்த அறிக்கையை நீலநூல் துரோகம் என்று வேல்ஸ் மக்கள் இன்றும் அழைப்பர். அதனால் விளைந்த கோபம் ஒருபுறம், வெட்கம் மறுபுறம். வெட்கமே நெடுநாள் நின்றது.

1858இல் லாங்கொலன் நகரில் நடந்த விழா இவ்விரண்டுக்கும் இடையிலே பிறந்தது. அதன் அமைப்பாளர் அப் இதெல் என்னும் புனைபெயர் கொண்ட மதகுரு ஜோன் வில்லியம்ஸ். அவர் யோலோவின் கற்பனைகளை வேதவாக்காகக் கொண்டவர். கொலம்பசுக்கு முன்னரே, 12ஆம் நூற்றாண்டில், மாதோக் என்னும் வேல்ஸ் இளவரசன் அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்றொரு கதை உண்டு. அக்கண்டுபிடிப்பைப் பற்றிய கட்டுரைக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. வந்த கட்டுரைகளுள் மிகச் சிறந்தது மெர்தர் டிட்வில் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த தோமஸ் ஸ்டீபன்ஸ் எழுதியது. அவரோ சான்றுகளை ஒவ்வொன்றாகப் புடமிட்டு, மாதோக்கின் கதைக்கு ஆதாரமே இல்லை என்று நிறுவியிருந்தார். விழாக் குழுவினர் திகைத்தனர். கேட்டது கண்டுபிடித்தமை பற்றி. வந்தது கண்டுபிடியாமை பற்றி. ஆகவே இது தலைப்புக்குள் அடங்காது என்று கூறிப் பரிசை மறுத்தனர். ஸ்டீபன்ஸ் மேடையேறி நியாயம் கேட்க முயன்றபொழுது, அவர் குரல் எழாதிருக்க வாத்திய கோஷ்டியை முழங்கச் செய்தனர். கூடியிருந்த மக்களோ அவர் பேசட்டும் என்று ஆரவாரித்தனர், அவர் பேசினார். அக்கட்டுரை, அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், 1893இல் நூலாக வெளிவந்தது.

நேர்மையற்ற தீர்ப்பு விழாவுக்கு எத்துணை இழுக்கு என்பதற்கு லாங்கொலன் ஓர் உதாரணம். எனினும் அதே விழாவில் மற்றொரு போட்டியும் நடந்தது. அச்சேறாத வேல்ஸ் பாடல்களைத் தொகுத்து அனுப்புமாறு கேட்கப்பட்டிருந்தது. தோமஸ் லுவெலின் என்னும் யாழிசைஞர் அனுப்பிய தொகுதியிலே, பொன்டிபிரித் நகரைச் சேர்ந்த தந்தையும் மகனுமாகிய எவன் ஜேம்ஸ், ஜேம்ஸ் ஜேம்ஸ் என்போர் 1856இல் இயற்றிய ஒரு பாட்டும் இருந்தது. நடுவராய் இருந்த இசைஞர் ஜோன் ஓவன் அதனைத் தாம் வெளியிட்ட பாடல் திரட்டில் சேர்த்தார். அதுவே பின்னர் வேல்ஸ் நாட்டின் தேசிய கீதமாயிற்று. பரிசு பெற்ற பல செய்யுட்களை எவரும் இன்று பாடுவதில்லை. தொகுதியொன்றின் நடுவே ஒடுங்கிக் கிடந்த பாட்டு நாட்டின் குரலாயிற்று.

1861இல் அபர்டேர் நகரில் நாடு முழுவதற்கும் பொதுவான தேசிய விழா தொடங்கியது. அங்கே எழுப்பிய பந்தலைப் புயல் வீழ்த்தவே, விழாவைச் சந்தை மண்டபத்துக்கு மாற்ற நேர்ந்தது. புகைவண்டிகள் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுவந்தன. ஆனால் வெட்கம் உடன் வந்தது. வேல்ஸ் மக்கள் நாகரிகத்தில் பின்தங்கியவரல்லர் என்று ஆங்கிலேயருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆவலால், 1862 முதல் சமூக விஞ்ஞானப் பகுதி என்றொன்றை ஆங்கிலத்தில் நடத்தினர். மேடைகளில் ஆங்கிலம் பெருகியது. 1864இல் லான்டட்னோ விழாவுக்கு வந்த பாடசாலைப் பரிசோதகரும் கவிஞருமாகிய மத்தியூ ஆணல்ட், சாதாரண மக்கள் இலக்கியத்தில் காட்டிய ஈடுபாட்டை வியந்து எழுதினார். எனினும் நடைமுறை வாழ்க்கையில் அவர்கள் மொழி விரைவில் மறைவதே நலம் என்றும் எழுதினார். 1866இல் இலண்டன் டைம்ஸ் பத்திரிகை அவ்வளவு மரியாதையும் காட்டாமல், வேல்ஸ் மொழி அந்நாட்டுக்குச் சாபம் என்றே எழுதிவிட்டது. பிறர் மெச்சுவதற்காக நடத்திய விழாவைப் பிறர் மெச்சவில்லை. கடன் சுமை ஏறியது. 1868இல் ரிதின் நகரில் நடந்த விழாவோடு அந்த அமைப்பும் நொடித்தது. 1880இல் புதிய சங்கம் அமைத்து, 1881இல் மெர்தர் டிட்வில்லில் மீண்டும் தொடங்கிய பின்னரே விழா ஆண்டுதோறும் நடப்பதாயிற்று.

விழா நடக்கும் முறையைச் சிறிது விரிவாகக் கூறுவது தகும். வடக்கில் ஓராண்டு, தெற்கில் மறு ஆண்டு என்பது நெடுங்கால வழக்கு. விருந்தோம்ப விரும்பும் ஊர் முன்வந்து கேட்க வேண்டும். உள்ளூர்க் குழு பணந் திரட்டும். பாடற் குழுக்களை அமைக்கும். போட்டிகளின் பொருளையும் நடுவரையும் தீர்மானிக்கும். விழாவுக்கு ஓராண்டும் ஒரு நாளும் முன்னதாகவேனும் அது பறைசாற்றப்பட வேண்டும் என்பது கோர்செத்தின் விதி. அந்நாளில் வண்ண அங்கி அணிந்த புலவர் ஊர்வலமாகச் சென்று கல்வட்டத்தில் நின்று அறிவிப்பர். பாடற்பொருட் பட்டியல் நூலாக வெளிவரும். புலவர் புனைபெயரை மட்டும் பாடலில் எழுதி, இயற்பெயரை மூடிய உறையில் இட்டு அனுப்புவர். நடுவர் மூவர். விழா மேடையில் அவர்களுள் ஒருவர் தீர்ப்பை வாசிப்பார். பின்னர் பேரவைத் தலைவர் வென்ற புனைபெயரைக் கூறி அழைக்க, எக்காளம் ஒலிக்கும். பல்லாயிரவர் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார். ஓர் உழவராக இருக்கலாம். ஓர் ஆசிரியராக இருக்கலாம். அவர்மேல் விளக்கொளி படும்வரை அவர் யாரென்பதைச் சபை அறியாது. பாதி உருவிய வாளை உயர்த்தி, சமாதானம் உண்டா என்று தலைவர் மும்முறை வினவ, சபை மும்முறையும் சமாதானம் என்று முழங்கும். சடங்கு முடிந்ததும் வென்ற ஆக்கங்களையும் நடுவர் கருத்துக்களையும் கொண்ட தொகுப்பு நூல் அங்கேயே விற்பனைக்கு வரும். மக்கள் அதனை வாங்க நெருக்குவர். தோற்றவர்களின் குறைகளையும் பெயர் சொல்லாமல் புனைபெயர் சொல்லி அந்நூல் விளக்கும். இதைப் போன்ற பள்ளிக்கூடம் எந்தக் கவிஞனுக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

1917ஆம் ஆண்டு விழா பேர்க்கன்ஹெட் நகரில் நடந்தது. அது இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள துறைமுக நகரம்; தொழில் தேடிச் சென்ற வேல்ஸ் மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதி. செப்டெம்பர் 6ஆம் நாள் ஆசனம் வழங்கும் சடங்கு. பிரதம மந்திரி லொயிட் ஜோர்ஜ் சபையில் இருந்தார். வீரன் என்னும் பொருளில் பாடிய நெடும்பாவுக்குப் பரிசு என்று நடுவர் அறிவித்தனர். பூவொன்றின் பிரெஞ்சுப் பெயரைப் புனைபெயராகக் கொண்டிருந்த புலவரை எழுந்து நிற்குமாறு அழைத்தனர். எவரும் எழவில்லை. மீண்டும் அழைத்தனர். மூன்றாம் முறையும் சபை அசையாதிருந்தது. பின்னரே தலைவர் உண்மையைக் கூறினார். புலவர் ஐந்து வாரங்களுக்கு முன், ஜூலை 31ஆம் நாள், பெல்ஜியத்தின் பில்கம் மேட்டில் வீழ்ந்துவிட்டார். அவர் ஹெத் வின் என்னும் புனைபெயரில் எழுதிவந்த எலிஸ் எவன்ஸ். டிராஸ்வினித் என்னும் மலையூரில் ஆடு மேய்த்தவர். 14 வயதோடு பள்ளியை விட்டவர். உழவுக்காகக் கிடைத்த விடுமுறையில் வீட்டிலிருந்து எழுதிவந்த அப்பாவை, பிரான்சிலே பாசறையில் முடித்து, ஜூலை மாத நடுவில் தபாலில் அனுப்பியிருந்தார்.

ஆசனத்தின்மேல் கருந்துணி போர்த்தினர். அதைச் செதுக்கியவர் யூஜின் வான்விளெற்றறன் என்னும் பெல்ஜிய அகதி. பெல்ஜியத்தை மீட்கச் சென்று அங்கேயே மாண்டவனுக்கு, பெல்ஜியத்தை இழந்து வந்தவர் செய்த ஆசனம் பரிசாகியது. புகைவண்டியிலும் பின்னர் வண்டியிலுமாக அதனை மலையூரின் பண்ணை வீட்டுக்குக் கொண்டுசென்றனர். அவ்வீடு 2012இல் நாட்டுக்குரிய நினைவிடமாக வாங்கப்பட்டது. கரிய ஆசனம் இன்றும் அங்கேதான் இருக்கின்றது.

தகுதியுடைய ஆக்கம் வராவிடின் ஆசனம் எவருக்கும் இல்லை என்று அறிவிக்கும் உரிமை நடுவருக்கு உண்டு. ஊர் மக்கள் ஓராண்டு பாடுபட்டுத் திரட்டிய விழா, உச்சநாளன்று வெற்று ஆசனத்தோடு முடிவதைப் பொறுப்பது எளிதன்று. சிலவேளை அவ்வுரிமை பிழைபடவும் பயன்பட்டது. 1928இல் டிரியோர்க்கி நகரில் குவெனால்ட் என்னும் புலவர் துறவி ஒருவனின் உள்ளத்தையும் அவனது சிற்றின்ப நினைவுகளையும் பாடியிருந்தார். பேரறிஞர் ஜோன் மொரிஸ் ஜோன்ஸ் உள்ளிட்ட நடுவர் அதன் பொருளைக் கண்டு முகஞ்சுளித்து ஆசனத்தை மறுத்தனர். அந்தப் பா இன்று அம்மொழியின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. குவெனால்ட்டோ 1926இலும் 1931இலும் ஆசனம் பெற்றவர். நடுவரின் துணிவு நல்லது. நடுவரின் பார்வை குறுகினால் அத்துணிவே தீங்காகும்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின், 1940இல் மவுண்டன் ஆஷ் நகரில் பெருங்கூட்டம் கூட்ட இயலவில்லை. ஆகவே அவ்வாண்டு விழா வானொலியில் நடந்தது. பந்தலும் ஊர்வலமும் இல்லை. கேட்போர் தத்தம் வீடுகளில் இருந்தபடியே தீர்ப்பையும் பாடலையும் கேட்டனர். 1176இல் ரீஸ் கூட்டிய சபை, காணமுடியாத சபையாகக் காற்றிலே கூடியது. இதனை வானொலி நேயர் பெருமையோடு நினைக்கலாம்.

போருக்குப் பின்னர் பழைய வினா மீண்டும் எழுந்தது. விழாவின் மொழி யாது? 1891இல் வேல்ஸ் நாட்டாருள் பாதிக்கு மேற்பட்டோர் அம்மொழி பேசினர். 1951இல் நூற்றுக்கு 29 பேரே பேசினர். எண்ணிக்கை குறையும்பொழுது ஆங்கிலத்துக்கும் இடங்கொடுத்துக் கூட்டத்தைப் பெருக்குவதே அறிவுடைமை எனப் பலர் வாதித்தனர். விழாவினரோ அதற்கு நேர்மாறாக நடந்தனர். 1950இல் கார்பிலி நகர் விழா முதல், மேடையில் வேல்ஸ் மொழி மட்டுமே என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கார்பிலியோ ஆங்கிலம் வேரூன்றிய நிலக்கரிப் பகுதியின் ஓர் ஊர். மொழி அறியாதோருக்குப் பிற்காலத்தில் காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவிகள் வழங்கப்பட்டன. 1860களில் பிறரை நோக்கிப் பேசிய மேடை, தன் மக்களை நோக்கித் திரும்பியது. மொழியின் தேய்வு இதனால் முற்றாக நின்றுவிடவில்லை. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறக்குறைய 5,38,000 பேர், அதாவது நூற்றுக்கு 17.8 பேர், அம்மொழி அறிவர். ஆயினும் ஆண்டில் ஒரு வாரமேனும், அவ்விழாக் களத்தில், அம்மொழி எவரிடமும் மன்னிப்புக் கேளாமல் வழங்குகின்றது. 1953இல் டிலிஸ் கட்வாலடர் முடியையும், 2001இல் மெரெரிட் ஹொப்வுட் ஆசனத்தையும் வென்ற முதற் பெண்களாயினர்.

1976இல் விழா மீண்டும் கார்டிகனுக்கு வந்தது. ரீசின் கோட்டையில் புலவர் கூடி எண்ணூறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவ்வாண்டு ஆசனத்துக்கு வந்த பாடல்களுள் வசந்தத்தைப் பாடிய ஒன்றே தலைசிறந்தது என்று நடுவர் முடிவுசெய்தனர். அதை எழுதியவர் அவ்வட்டாரத்து உழவரான டிக் ஜோன்ஸ். 1966இல் அறுவடையைப் பாடி ஆசனம் வென்றவர். ஆனால் அவர் கார்டிகன் விழாவின் இலக்கியக் குழுவில் அங்கத்தவர். விருந்தோம்பும் குழுவில் இருப்போர் போட்டியிடலாகாது என்பது விதி. விதியைத் தளர்த்த மறுத்து, அடுத்த நிலையில் நின்ற இளைஞர் அலன் லுவிட்டுக்கு ஆசனத்தை வழங்கினர். பாராட்டும் கண்டனமும் ஒருங்கே எழுந்தன. புலவர் இருவருக்குமே அது இனிய நாளாக இருக்கவில்லை.

டிக் ஜோன்ஸ் தம் பண்ணைக்குத் திரும்பினார், தொடர்ந்து பாடினார். 2008இல் அவர் கோர்செத்தின் தலைவரானார். அவ்வாண்டு காடிஃப் நகர் விழா மேடையில், வென்ற புனைபெயரைக் கூறி அழைத்து, எவர் எழுவார் என்று சபையை நோக்கி நின்றவர் அவரே.